செப்புத்தகட்டு நகரமும் முனியாண்டியும்

பழம்பொருள் சேர்ப்போருள் நாணயம் சேர்ப்போரை நாம் அறிவோம். ஏட்டுச்சுவடி சேர்ப்போரையும் அறிவோம். பழைய நகரங்களின் கோட்டைவாயில், மணிக்கூட்டுக்கோபுரம், தேவாலயம், துறைமுகம் ஆகியவற்றைக் காட்டும் அச்சோவியத் தாள்களைத் தேடிச் சேர்ப்போர் நம்மிடையே மிகச் சிலர். பதுளைக்கும் பிபிலைக்கும் இடையே தேயிலை மலைகள் சூழ அமைந்த லுணுகலையில் ஆசிரியத் தொழில் புரியும் ஒருவன் அச்சிலருள் தன்னையும் சேர்த்துக்கொள்வது என் நண்பர்களுக்கு நகைப்பையே தருகின்றது. சேர்ப்பு என்று பெருமையாகச் சொல்லத்தக்க அளவில் என்னிடம் ஏதுமில்லை. பதினைந்து ஆண்டுகளில் கிடைத்தவை ஒன்பது தாள்கள். அவற்றுள் இரண்டு போலி. ஆயினும் அவ்வொன்பது தாள்களையும் திரும்பத் திரும்பப் பார்த்ததனால் என் மனத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டது. இவ்வகை ஓவியங்களை விலைமதிப்போரும் வியந்துரைப்போரும் கட்டடத்தையே நோக்குகின்றனர். அக்கட்டடத்தின் அடியில் ஓவியன் நிறுத்திய மனிதரை நோக்குவதில்லை. அம்மனிதரை முதலில் நோக்குவோமாயின், எவ்வோவியம் உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வரிசையே வேறாகிவிடும். அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இத்தாள்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதைச் சுருங்கச் சொல்லவேண்டும். அதனை அறியாதவன் காசையும் இழப்பான், ஓவியத்தின் சுவையையும் இழப்பான். ஆங்கிலத்தில் எச்சிங் எனப்படுவதை அரிப்போவியம் என்னலாம். மெருகிட்ட செப்புத்தகட்டின்மேல் மெழுகும் குங்கிலியமும் கலந்த மெல்லிய பூச்சைப் பரப்பி, அப்பூச்சை ஊசியாற் கீறி, செம்பு வெளித்தோன்றச் செய்வர். பின்னர்த் தகட்டைத் திராவகத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் திராவகம் அரிக்கும். நீண்ட நேரம் அரித்த கோடு தடித்துக் கறுக்கும். விரைவில் எடுத்துவிட்ட கோடு வானத்து முகில்போல் மெலிந்து நிற்கும். தகடெங்கும் மையைத் தடவித் துடைத்தால் பள்ளங்களில் மாத்திரம் மை தங்கும். ஈரமாக்கிய தாளை அதன்மீது வைத்து உருளைப் பொறியில் அழுத்த, ஓவியம் தாளுக்கு ஏறும். உளியால் நேரே செம்பைக் குடைவது செதுக்கோவியம். குங்கிலியத் தூளைத் தூவி அரித்து, நீர்வண்ணம் பூசியதுபோன்ற நிழலை எழுப்புவது அக்குவாடின்ற் என்னும் முறை. இவை யாவற்றிலும் தகட்டின் இடப்புறம் தாளின் வலப்புறமாகும். இதனை மறந்து, முன்னொருவன் வெளியிட்ட படத்தை அப்படியே தகட்டிற் கீறிய படிப்போவியர் பலர். அவர் கைப்பட்ட கோட்டைகளில் கடல் இடம் மாறிக் கிடப்பதைக் காணலாம்.

எனது முதற் கொள்முதலின் கதையையும் இங்கே சொல்லிவிடுகின்றேன். கொழும்பில் ஒரு பழம்பொருட் கடையில், சதாம் வீதி மணிக்கூட்டுக்கோபுரத்தைக் காட்டும் தாளொன்று பழுப்புநிறச் சட்டத்துள் தொங்கிற்று. 1857ஆம் ஆண்டில் எழுந்து, பத்தாண்டுகளின் பின் தலையில் விளக்கேந்தி, 1952 வரை கலங்கரை விளக்கமாகவும் நின்ற கோபுரம் அது. ஆளுநர் வார்ட் என்பாரின் மனைவியே அதன் அமைப்பை வரைந்தவர். நூற்றைம்பது ஆண்டுப் பழைமையான அரிப்போவியம் என்றார் கடைக்காரர். அம்மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எண்ணிக் கொடுத்து, பேருந்தில் மடிமீது வைத்துக்கொண்டு மலையேறினேன். மறுநாள் பாடசாலை விஞ்ஞானகூடத்து உருப்பெருக்குக் கண்ணாடியை அதன்மேற் பிடித்தபொழுது, கோடுகளெல்லாம் புள்ளிகளாய்ச் சிதறின. ஒளிப்படத்திலிருந்து எடுக்கும் புள்ளியச்சு 1880களின் பின்னரே பரவிய முறை. புள்ளி தெரிந்தால் அது செப்புத்தகட்டின் பிள்ளையன்று. உண்மைத் தாளில் மை சற்றே மேலெழுந்து நிற்கும், விரல்நுனிக்கே தெரியும். தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளமும் ஓவியத்தைச் சுற்றிச் சதுரமாகக் காணப்படும். இவ்விரண்டையும் பாராது வாங்குபவன் என்னைப்போல் சட்டத்தை மாத்திரமே வாங்கியவனாவான். சட்டம் நல்ல மரம், இன்றும் பயன்படுகின்றது.

இனி ஓவியர்பாற் செல்வோம். இலங்கையின் இடங்களை வரைந்து அச்சேற்றியோருள் பெரும்பாலார் வந்துபோனவர். யோகான் வொல்ப்காங் ஹைட் என்னும் செருமானியர் ஒல்லாந்தக் கும்பனியின் ஊழியத்தில் 1734 முதல் 1737 வரை இங்கிருந்து, கொழும்பையும் காலியையும் கண்டிக்குச் சென்ற தூதினையும் வரைந்து 1744இல் பெருநூலாக வெளியிட்டார். சாமுவேல் டானியல் 1808இல் தம் இலங்கைக் காட்சி நூலை வெளியிட்டு, மூன்றாண்டுகளில் இந்நாட்டிலேயே இறந்தார். அவருடைய யானைகளும் மான்களும் அழகியன. நகரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. எனவே அவரை இம்மட்டில் விடுகின்றேன்.

ஆனால் வில்லியம் லிற்றில்ரன் என்பாரை அவ்வாறு விட ஊவாவில் வாழும் எனக்கு மனமில்லை. 73ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த இவர் மலைநாட்டுக் காட்சிகள் ஆறினை அக்குவாடின்ற் முறையில் 1819இல் இலண்டனில் வெளியிட்டார். சேர்ப்போர் இவ்வாறு தாள்களுக்கும் மிக உயர்ந்த விலை தருவர். தொழில்நேர்த்தியைக் குறைகூற இயலாது. பனி தவழும் மலைமுடி, பள்ளத்தாக்கிலே ஊறும் ஒளி, முன்புறத்தில் ஓய்வாய் நிற்கும் சிறு உருவங்கள் என எல்லாம் அளவோடு அமைந்துள்ளன. அவை வெளிவந்த ஆண்டை நோக்குக. 1817இலும் 1818இலும் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கும் பொருட்டு வீடுகளும் நெற்களஞ்சியங்களும் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாயின, கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். அப்புகை அடங்கிய மறுவருடம் வந்த தாள்களில் புகையின் சாயலே இல்லை. ஓவியன் வரலாற்றாசிரியன் அல்லன் என்று சிலர் வாதிடுவர். ஒப்புக்கொள்கின்றேன். ஆயின், அத்தாளைச் சுவரில் மாட்டி 'அக்கால மலைநாடு இதுவே' என்று விருந்தினருக்குக் காட்டுபவர் அவ்வாதத்தை நினைவிற் கொள்வதில்லை.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனினும் அணித்தான சான்று ஒன்றுண்டு. 1658 முதல் யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த ஒல்லாந்தப் போதகர் பல்தேயுஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில், தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு, சங்கானை முதலிய ஊர்களின் தேவாலயங்கள் செப்புத்தகட்டுப் படங்களாக இடம்பெற்றுள்ளன. நம் ஊர்ப்பெயர் பொறித்த மிகப் பழைய அச்சோவியங்களுள் அவை அடங்கும். அக்காரணத்தாலேயே அவற்றை விரும்பி வாங்குவோர் உளர். அந்நூற்படி பல கத்தரிக்கோலுக்கு இரையாகி, ஊர் ஊராகப் பிரித்து விற்கப்படுகின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலோ 1621இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டுவிட்டது. நிற்கும் கட்டடத்துக்கே தகடு. வீழ்ந்த கட்டடத்துக்குத் தகடில்லை. அடையாளச் சின்னம் என்று நாம் போற்றுவது எது என்பதை, ஊசி ஏந்தியவனுக்கு முன்னரே வாள் ஏந்தியவன் முடிவுசெய்துவிடுகின்றான்.

வந்துபோகாது, இங்கேயே பிறந்து இங்கேயே மறைந்த ஓவியர் ஒருவரைத் தேடினால், ஜே. எல். கே. வான் டோர்ட் என்பாரிடம் வந்து சேர்வோம். கொழும்புப் பறங்கியர் சமூகத்தில் 1831இல் பிறந்து 1898இல் மறைந்தவர். அரசாங்க அலுவலகத்தில் படவரைஞராகக் கடமையாற்றியவர். அளவுகோலும் கவராயமும் பழகிய கை. அதனால் அவர் வரைந்த தூணும் வளைவும் கூரையும் பிசகுவதில்லை. அவருடைய சிறப்பு அதுவன்று. வெளிநாட்டு ஓவியன் கட்டடத்தின் முன் ஆட்களை அளவு காட்டுவதற்காக நிறுத்துகின்றான். கோபுரம் எவ்வளவு உயரம் என்பதை அறிய ஓர் ஆள், தெரு எவ்வளவு அகலம் என்பதை அறிய ஒரு வண்டி. வான் டோர்ட்டின் மனிதரோ தத்தம் வேலையாய் வந்தவர். தலைச்சுமைகாரி ஒருபுறம் சாய்ந்து நடப்பாள். வண்டிக்காரன் மாட்டோடு மல்லுக்கு நிற்பான். கட்டடம் அங்கே இருப்பதையே அவர்கள் கவனிப்பதில்லை. தம் நகரத்து மணிக்கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் ஊரவர் யார்? அண்ணாந்து பார்ப்பவன் வேற்றூரான். இவ்வுண்மையை அறிந்தவர் நகரத்திற் பிறந்த ஓவியர்.

இவ்விடத்து ஒரு தடை எழும். வான் டோர்ட்டின் ஓவியங்கள் பல இலண்டன் படப்பத்திரிகைகள் வாயிலாகவே உலகுக்குச் சென்றன. அவை செப்புத்தகட்டு ஓவியங்கள் அல்ல, மரச்செதுக்கு ஓவியங்கள். புன்னைமரம்போற் கடினமான ஒருவகை மரத்தின் குறுக்குவெட்டுத் துண்டுகள் பலவற்றைத் திருகாணியால் ஒன்றாகப் பிணைத்து, படத்தை அதன்மேல் ஏற்றி, அவசரமாயின் துண்டுகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகச் செதுக்குவோரிடம் கொடுப்பர். பின்னர் மீண்டும் பிணைத்து அச்சிடுவர். கூர்ந்து பார்த்தால், படத்தின் குறுக்கே மயிரிழைபோல் வெண்கோடு ஓடும். அது இரு துண்டுகள் சேர்ந்த இடம். எனவே நம் கையிலுள்ள தாளில் பாதி வான் டோர்ட், மீதி இலண்டனில் இருந்த பெயரறியாத் தொழிலாளர் சிலர். இலங்கையை ஒருநாளும் கண்டிராத அவர்கள், தென்னங்கீற்றை இறகுபோலவும் சேலைக் கொசுவத்தைக் கிரேக்கச் சிலையின் ஆடைபோலவும் செதுக்கிவிடுவதுண்டு. தாளின் கீழ் ஓவியர் பெயரைக் கண்டதும் 'இது அவர் கைவரைவு' என மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யான் இதனைக் குறையாகக் கருதுவதில்லை. ஓசை மாறிய மொழிபெயர்ப்பில் மூலத்தின் குரலைத் தேடுவதுபோல், தடித்த செதுக்குக் கோடுகளுக்கிடையே அவருடைய கையைத் தேடுவதும் ஒரு சுவையே.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்புக்கு வந்தபொழுது இலண்டன் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படங்களை வெளியிட்டன. தோரண வளைவுகள், பந்தல்கள், துறைமுக அலைதடுப்புக்கு இளவரசர் அடிக்கல் நாட்டியது ஆகியன அக்காலத்துக்கு உரியன. அவ்வருகையைச் சேர்ந்த தாளொன்று என்னிடமும் உண்டு. யார் வரைந்ததென்று அதில் குறிப்பில்லை. இளவரசர் நடுவில் நிற்கின்றார். தொப்பிகள் வரிசையாய் நிற்கின்றன. வலது ஓரத்தில், அச்சுமை ஏறக்குறையத் தீர்ந்த மூலையில், தூணொன்றைப் பிடித்தபடி இடுப்புத்துணியோடு மூவர். பந்தற்கால் நட்டவர்கள் போலும். அவர்களுள் ஒருவன் விழாவைப் பாராமல் நம்மையே பார்க்கின்றான். ஒன்பது தாள்களுள் எனக்கு மிக விருப்பமானது எது என்று மாணவர் கேட்டால் இதனையே காட்டுவேன். இதன் விலையோ மிகச் சொற்பம்.

இப்பொழுது முனியாண்டியிடம் வருகின்றேன். 1869இல் கொழும்பில் ஜோன் கப்பர் என்பார், இலண்டன் பஞ்ச் இதழைப் பின்பற்றி நகைச்சுவை இதழொன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'முனியாண்டி'. கேலிப்படங்களை வரைந்தவர் வான் டோர்ட். ஆளுநரையும் உத்தியோகத்தரையும் தோட்டத்துரைமாரையும் எள்ளி நகையாடிய அவ்விதழ் சில ஆண்டுகளே நிலைத்தது. ஆயினும் இந்நாட்டுக் கேலிச்சித்திரத்தின் வரலாறு எழுதுவோர் எவரும் அதனைத் தவிர்த்தல் இயலாது. எனக்கு அப்பெயரைக் கடந்து செல்வது எளிதன்று. என் பாட்டனாரின் பெயர் முனியாண்டி. எங்கள் தோட்டத்தின் எல்லையில், கவ்வாத்து வெட்டிய மலைக்கு மேல், மரத்தடியில் அரிவாளோடு நிற்கும் காவல்தெய்வத்தின் பெயரும் முனியாண்டி. தென்பாண்டிச் சீமையிலிருந்து நடந்து வந்த கோப்பிக் கூலிகளுள் எத்தனையோ பேருக்கு அதுவே பெயர். ஆங்கிலத்தில் அச்சான அவ்விதழை அவர்களுள் ஒருவர்தானும் படித்திருக்கமாட்டார். நகரத்தார் தம் மேலாளரை நோக்கிச் சொல்ல அஞ்சியதைச் சொல்லுதற்கு, யாரும் பொருட்படுத்தாத ஒருவனின் பெயரை முகமூடியாக அணிந்துகொண்டனர்.

அந்த 1869ஆம் ஆண்டு விந்தையான ஆண்டு. கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்த மதில்களை இடிக்கும் வேலை அவ்வாண்டிலேயே தொடங்கிற்று. நகரத்தின் பழைய உருவத்தைத் தாளிற் பிடித்துவைக்கவேண்டும் என்ற ஆசை பலருக்கு அதன் பின்னரே எழுந்தது. இன்று சேர்ப்போர் தேடுவதும் அம்மதில்களின் படத்தையே. அதே ஆண்டிலேயே, லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடியிற் செம்மஞ்சட் பொடிபோன்ற நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித்தொழில் அழிந்து, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. மதில் விழுந்ததற்கு ஓவியம் உண்டு. முனியாண்டி என்னும் பெயருக்கு இதழ் உண்டு. கோப்பி அழிந்தபொழுது வேலையிழந்து மலையிறங்கிய முனியாண்டிகளை வரைந்த தகடு எதனையும் யான் கண்டதில்லை. வான் டோர்ட்டின் மீது குற்றஞ்சாட்டுவது என் நோக்கமன்று. சுமைகாரியின் கழுத்துச் சாய்வைக் கண்ட கண் அவருடையது. அக்கண் பதுளை வீதிவரை வந்திருந்தால் என்ன கண்டிருக்கும் என்ற ஏக்கமே என்னைப் பேசவைக்கின்றது.

மலைநாட்டுக்கு வந்த ஓவியர் இல்லாமலில்லை. கோப்பித் துரையாக இருந்த ஹமில்ரன் என்பார் பாசன் என்பாருடன் சேர்ந்து 1881இல் வெளியிட்ட நகைச்சுவைப் படநூல், தோட்டத்துரையின் வாழ்வை வேடிக்கையாகக் காட்டுகின்றது. துரையின் குதிரை, துரையின் மழைக்காலம், துரையின் தனிமை எல்லாம் அதில் உண்டு. நல்ல கோடுகள், சிரிப்பும் வருகின்றது. ஆனால் துரையைத் தவிர ஏனையோர் அதில் மேசை நாற்காலிபோல் பின்னணியில் அமைகின்றனர். வந்துபோகிறவன் வரைந்தால் அவ்வாறே அமையும்.

சேர்ப்பவன் கடமை பற்றியும் சில சொல்லவேண்டும். பழம்புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்பது இன்று பெருவழக்காயிற்று. முழுநூலைவிடத் தனித்தாள்களின் கூட்டுவிலை மிகுதி என்பதே காரணம். படத்தின் பின்புறத்தில் அச்செழுத்துக் காணப்படின், அது நூலின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த தாள் என்று அறிக. யானும் அவ்வாறு அறுத்தது ஒன்றை வாங்கிய பாவியே. அண்மையில் நிறந்தீட்டி அழகுபடுத்துவது வேறொரு வஞ்சகம். பழைய கைவண்ணம் தாளோடு ஊறி மங்கியிருக்கும், புதியது மேலே மினுங்கும். வடகீழ்ப் பருவமழையில் எங்கள் மலைப்பக்கத்துச் சுவர்கள் வியர்க்கும். அக்காலத்தில் சுவரில் மாட்டிய தாளில் கபிலநிறப் புள்ளிகள் பூக்கும். இராமபாணப் பூச்சியும் வரும். ஆகவே என் தாள்கள் சுவரில் இல்லை. புளிப்பில்லாத அட்டைகளுக்கிடையே அலுமாரியில் கிடக்கின்றன. தை பிறந்த பின்னரே வெளியே வருகின்றன. இத்துறையிற் புகுவோர் ஆர். கே. டி சில்வா அவர்கள் 1985இல் வெளியிட்ட, 1800 முதல் 1900 வரையான இலங்கை அச்சோவியங்களைத் திரட்டிய பெருநூலை ஒருமுறையேனும் நூலகத்திற் பார்த்த பின்னரே பணப்பையைத் திறத்தல் நன்று. கட்டடங்களுக்கு அதில் குறைவில்லை. யான் சொன்ன மூலைகளை அந்நூலிலேயே உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு தேடலாம்; காசு செலவில்லை.

லுணுகலையை வரைந்த பழைய தகடு எதுவும் என் கைக்கு வரவில்லை. எங்கள் அடையாளச் சின்னம் எது என்று சென்ற ஆண்டு என் வகுப்பிற் கேட்டேன். கோயில் என்றனர் சிலர். பேருந்து நிலையம் என்றான் ஒருவன். பெரும்பாலார் சொன்னது, நாங்கள் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை. பழைய லினோலியத் துண்டுகளையும், குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளிகளையும் கொடுத்து அதனைச் செதுக்கச் சொன்னேன். பொறி ஏது? பதுளை அச்சகம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த மையைத் தடவி, தாளை மேலேவைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தோம். பதினோராம் வகுப்புப் பெண்ணொருத்தியின் தாள் நன்றாக வந்தது. தொழிற்சாலையைத் தாளின் மேல்மூலையில் தீப்பெட்டியளவிற் செதுக்கியிருந்தாள். முன்புறம் முழுவதும் கொழுந்து நிறுக்கும் இடம். வரிசையில் நிற்கும் பெண்கள், முதுகிற் கூடை, ஒருத்தி தராசின் முள்ளைக் குனிந்து பார்க்கின்றாள். இத்தனை பெரிதாக ஆட்களை வைத்தால் கட்டடம் எங்கே என்று கேட்டேன். அம்மா நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் அது அவ்வளவுதான் தெரியும் சேர் என்றாள்.

அத்தாள் பத்தாவதாக என் அலுமாரியில் இருக்கின்றது. தகட்டில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கவேண்டும் என்று நான் முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டமையால், தோட்டத்தின் பெயர்ப்பலகையை மட்டும் கண்ணாடியிற் பிடித்தே படிக்கவேண்டும்.